வரைபடத்தில் இல்லாத பீலி

அக்கா,

இன்று காலை அலுவலக வாசலில் ஒரு லாரி நின்று குழாய்களை இறக்கியது. எல்லாம் ஊதா நிறம். சுத்திகரித்த கழிவுநீர் போகும் குழாய்க்கு இந்த நிறம்தான். குடிநீர்க் குழாயோடு யாரும் மாற்றி இணைத்துவிடக் கூடாது என்பதற்காக. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். தூறலில் நனைந்த புது பிளாஸ்டிக்கின் வாடை மாடிவரை வந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இந்தக் குழாய் வந்த செய்தியை முதலில் உங்களிடம்தான் சொல்ல வேண்டும். நீங்கள் உயிரோடு இருந்திருந்தாலும் வந்து சொல்வதற்கு எனக்கு முகம் இருந்திருக்காது.

நீங்கள் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. நீங்கள் இருந்தபோதே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. நான்கு முறை தொடங்கினேன். ஒவ்வொரு முறையும் என்னைப் பற்றி நல்லதாக ஏதோ ஒரு வரி உள்ளே வந்துவிட்டது, கிழித்துப் போட்டேன். இதிலும் வரலாம். வந்தால் நம்பாதீர்கள்.

நான் உதவிப் பொறியாளராக இந்த நகராட்சிக்கு வந்தபோது நீங்கள் ஆறு வருடமாக ஒப்பந்தப் பணியில் திட்ட வரைபடம் வரைந்துகொண்டிருந்தீர்கள். அலுவலகத்தில் நாம் இரண்டு பேர்தான் பெண்கள். உங்கள் அப்பா அம்மா இலங்கைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள். நீங்கள் பிறந்தது கூடலூர்ப் பக்கம் சேரங்கோட்டில். கல்யாணமாகி நம் ஊருக்கு மேலே இருக்கும் பழைய எஸ்டேட் லயத்துக்கு, அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, வந்தீர்கள். நான் கட்டபெட்டில் மளிகைக்கடை வைத்திருந்தவரின் மகள். ஐந்து மணி பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்காருவோம். அலுவலகத்தில் என்னை 'மேடம்' என்பீர்கள். பஸ் ஏறியதும் அது 'தங்கச்சி' ஆகிவிடும். எந்த இடத்தில் மாறும் என்று ஒருநாள் கவனித்தேன். படியில் கால் வைக்கும்போதே மாறிவிட்டது.

அப்போதுதான் அந்தத் திட்டம் வந்தது. ஊர் பெரிதாகிக்கொண்டே போனது. சரிவெல்லாம் காட்டேஜ், திருப்பத்துக்கு ஒரு லாட்ஜ். சீசன் மாதங்களில் குடிநீருக்கு லாரி ஓட வேண்டியிருந்தது. அதேசமயம் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் தண்ணீர் வருடம் முழுக்க ஓடையில் போய்க்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் அதைச் சேர்த்து வைத்துக்கொண்டால் கோடையில் லாட்ஜ்களின் கழிப்பறைக்கும் பூங்காவுக்கும் கட்டட வேலைக்கும் கொடுக்கலாம். அந்த அளவு குடிநீர் மிச்சமாகும். சேர்த்து வைக்க ஒரு குளம் வேண்டும். அலுவலகம் தேர்ந்தெடுத்த இடம் உங்கள் லயத்துக்கு நேர் மேலே இருந்த பொட்டல். மழைக்காலத்தில் மேலே ஏற்றிவிட்டால், கோடையில் அங்கிருந்து பம்ப் இல்லாமலே ஊர் முழுக்கத் தண்ணீர் இறங்கும் என்பது கணக்கு.

நாற்பது நாள் அந்தச் சரிவை அளந்தோம். அட்டைக்காகக் காலுறைக்குள் உப்பு போடக் கற்றுக்கொடுத்தீர்கள். அளவு நோட்டை மஞ்சள் பையில் சுற்றி ஸ்வெட்டருக்குள் வைத்திருப்பீர்கள். நீங்கள் நனைந்தாலும் அது நனையாது. பதினொரு மணிக்கு ஒரு பாறையில் உட்கார்ந்து பன்னும் டீயும். "மலையில தண்ணி யாரையும் கேட்டுட்டுப் போகாது, தங்கச்சி" என்று ஒருமுறை சொன்னீர்கள். நான் சிரித்தேன். கல்லூரியில் இதே விஷயத்தை ஒரு பாடமாகப் படித்திருந்தேன். உங்கள் வாயில் அது ஏதோ வேடிக்கைப் பேச்சாகப் பட்டது.

ஒருநாள் பொட்டலுக்குக் கீழே, பெரணிச் செடிகளை விலக்கிக்கொண்டு என்னைக் கூட்டிப்போனீர்கள். பாறை இடுக்கில் மூங்கில் தப்பை செருகியிருந்தது. அதன் வழியாகக் கை மொத்தத்துக்குத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. இலங்கைத் தோட்டத்திலிருந்து கூடவே வந்த பேரைச் சொன்னீர்கள்.

"இதுதான் எங்க பீலி. பன்னெண்டு வீட்டுக்கும் குடிக்க இதுதான். பங்குனியில கூட நின்னதில்ல."

குனிந்து குடித்தீர்கள். நானும் கையேந்திக் குடித்தேன். பல் கூசியது. அந்தத் தண்ணீரை நான் குடித்திருக்கிறேன், அக்கா. தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

நோட்டில் அதன் இடத்தை அளந்து எழுதினீர்கள். எழுதிக்கொண்டே, சேர்த்து வைக்கிறது நல்ல வேலைதான், ஆனால் கீழே சுத்திகரிப்பு பிளான்ட்டுக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொல்லுங்கள், மேலே வைத்தால் என்றைக்காவது அது எங்கள் தலையில்தான் இறங்கும் என்றீர்கள். கீழே வைத்தால் கோடை முழுக்கப் பம்ப் ஓட்ட வேண்டுமே என்றேன். ஓட்டுங்கள் என்றீர்கள்.

வரைபடம் தயாரானது. பீலி ஒரு சிறிய நீல வட்டமாக அதில் இருந்தது. குடிநீர் ஊற்றுக்கு மேலே இப்படி ஒரு குளம் வெட்ட அனுமதி கிடைக்காது. இடத்தை மாற்றினால் மறுபடி அளக்க வேண்டும். பங்குனி முடிவதற்குள் படம் போகாவிட்டால் திட்டம் வேறு ஊருக்குப் போய்விடும். அப்போதிருந்த பெரிய இன்ஜினியர் என்னைக் கூப்பிட்டார்.

"அது வெறும் கசிவுங்க. அதை எடுத்துட்டு அனுப்புங்க. பன்னெண்டு ஊட்டுக்காக ஊரே தண்ணியில்லாம நிக்கோணுங்களா?"

அவரைப் பற்றி மேலும் எழுதி என் பங்கைக் குறைத்துக்கொள்ள விருப்பமில்லை. அவர் சொன்னார், அவ்வளவுதான். செய்தவள் நான்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உங்களிடம் வந்தேன். குளம் நிரம்புவதற்குள் லயத்துக்குக் குழாய் வந்துவிடும், அதனால் இப்போதைக்கு அந்த வட்டத்தை எடுத்துவிடலாம் என்றேன். நீங்கள் டிபன் பாக்ஸை மூடிவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

"கண்ணால பாத்தத எப்புடி மேடம் இல்லேங்கிறது? கொழாய மொதல்ல குடுங்க. அப்பறம் அழிக்கலாம்."

இரண்டு நாள் கழித்து உங்கள் நாத்தனாரின் வளைகாப்புக்காக லீவு போட்டீர்கள். அன்று மத்தியானம் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து உங்கள் கம்ப்யூட்டரைத் திறந்தேன். வட்டத்தைத் தேர்ந்தெடுத்து ஒரு பொத்தானை அழுத்தினேன். ஒரு விரல் வேலை. பயம்கூட வரவில்லை. என் தகுதிகாண் காலம் முடிய இரண்டு மாதம் இருந்தது. படம் நேரத்துக்குப் போகிறதே என்ற நிம்மதிதான் இருந்தது. அச்செடுத்த தாளின் மூலையில் 'வரைந்தவர்' என்ற கட்டத்தில் உங்கள் பெயர் இருந்தது. அதற்குக் கீழே 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். உங்கள் பெயரையாவது எடுத்திருக்கலாம். அது எனக்குத் தோன்றவே இல்லை.

வேலை தொடங்கியபோது தளத்தில் மாட்டிய படத்தைப் பார்த்துவிட்டு வந்து, பீலி எங்கே என்று கேட்டீர்கள். லயத்துக்குக் குழாய் சாங்ஷன் ஆகிவிட்டது, அதனால்தான் என்றேன். பொய். நீங்கள் நம்பினீர்கள். நான் சொன்னதால் நம்பினீர்கள்.

முதல் வருடம் எல்லாம் நன்றாகவே நடந்தது. கோடையில் லாரிகள் குறைந்தன. பூங்காவில் பூக்கள் வாடவில்லை. மேடையேற்றி எனக்குச் சால்வை போட்டார்கள். கீழே நாற்காலிகளில் நீங்களும் உட்கார்ந்து கை தட்டினீர்கள். திட்டம் நல்ல திட்டம்தான், அக்கா. மோசமான ஒன்றுக்காகப் பொய் சொல்லியிருந்தால் அந்தத் திட்டத்தையாவது வெறுத்திருக்கலாம். எனக்கு அந்த வசதியும் இல்லை.

இரண்டாவது வருடம் ஐப்பசி மழையில் குளத்தின் ஒரு கரை உள்ளே சரிந்தது. அடியில் விரித்திருந்த கனமான பிளாஸ்டிக் விரிப்பு ஒட்டிய இடத்தில் பிரிந்தது. வெளியே பார்க்க ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் மண்ணுக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருந்தது. பீலித் தண்ணீரில் ஏதோ வாடை வருகிறது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்; மழைக்கு இலை அழுகியிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். அப்புறம் லயத்திலிருந்து ஒவ்வொருவராக வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். பாதிப் பேர் குழந்தைகள். உங்கள் நாத்தனாரின் மகன், எந்த வளைகாப்புக்கு நீங்கள் லீவு போட்டீர்களோ அந்தப் பிள்ளை, நான்கு நாள் குளுக்கோஸ் ஏறிக் கிடந்தான். எல்லோரும் பிழைத்தார்கள். 'உயிர்ச்சேதம் இல்லை' என்று அறிக்கையில் எழுதினோம். எழுதும்போது அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டது எனக்கே தெரிந்தது.

விசாரணைக்கு மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மேஜைமேல் வரைபடம் விரித்திருந்தது. ஊற்று ஏன் இதில் இல்லை என்று கேட்டார். மூலையைப் பார்த்து உங்கள் பெயரை வாசித்தார். நீங்கள் கதவோரம் நின்றிருந்தீர்கள்.

"நான் மார்க் பண்ணித்தான் குடுத்தேன் சார். அளவு நோட்டுல இருக்கு."

அவர் என் பக்கம் திரும்பினார். "அந்த நோட்டு எங்கங்க?"

அது என் வீட்டு பீரோவில் இருந்தது. ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு வரத் தொடங்கிய அன்றே அலுவலகத்திலிருந்து எடுத்துப் போய், புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தேன்.

"தேடிப் பாத்தோமுங்க சார். கிடைக்கலீங்க. எங்களுக்கு ஊத்துன்னு எதுவும் மார்க் ஆகி வரலீங்க."

நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். யாரோ ஒரு தெரியாத பெண்ணை இன்னார் என்று அடையாளம் காண முயல்கிறவர் மாதிரி பார்த்தீர்கள். ஐந்து மணி பஸ்ஸில் நீங்கள் முன் சீட்டில் போய் உட்கார்ந்தீர்கள். இறங்கும்போது, "வரேன், மேடம்" என்றீர்கள்.

உங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அது போதாதென்று லயத்தில் உங்களை ஒதுக்கினார்கள். நம் பிள்ளையே பீலியை மறைத்துவிட்டது என்று பேசினார்கள். 'நான் அழிக்கவில்லை' என்று நீங்கள் வீடு வீடாகச் சொன்னீர்களாம். "பேப்பர்ல ஒம் பேருதான இருக்கு" என்று உங்கள் மாமியாரே சொல்லிவிட்டாராம். ஆபீஸ் உதவியாளர் இதை என்னிடம் வந்து சொன்னபோது, பாவம் என்றேன். அந்தச் சொல்லை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை. தை பிறப்பதற்குள் நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் சாமான்களை ஏற்றிக்கொண்டு சேரங்கோட்டுக்கே போய்விட்டீர்கள்.

அதன்பிறகு ஒரே ஒருமுறை உங்களைப் பார்த்தேன். கூடலூர் பஸ் ஸ்டாண்டில். நான் ஒரு கூட்டத்துக்காக வந்திருந்தேன். நீங்கள் கையில் சுருட்டிய தாள்களோடு நின்றிருந்தீர்கள். வீடு கட்டுகிறவர்களுக்குப் பிளான் வரைந்து கொடுப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். இளைத்திருந்தீர்கள். பக்கத்தில் வந்து "அக்கா" என்றேன்.

"நல்லா இருக்கீங்களா, மேடம்" என்றீர்கள். பஸ் ஸ்டாண்டுதான் அது, அலுவலகம் இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள், லயத்துக்குக் குழாய் வந்துவிட்டதா என்று கேட்டீர்கள். வந்துவிட்டது என்றேன். அது உண்மை, நீங்கள் லயத்தை விட்டுப் போன ஒரே மாதத்தில் வந்தது. குளம் என்ன ஆயிற்று என்று கேட்டீர்கள். விரிப்பை ஒட்டி மறுபடி நிரப்பியிருக்கிறோம் என்றேன்.

பஸ் வரும் திசையைப் பார்த்தபடியே சொன்னீர்கள்.

"அந்த நோட்டு ஒங்ககிட்டதான் இருக்கும்னு எனக்குத் தெரியும். நான் அதக் கேக்கல. எம் பேர நீங்க காப்பாத்த வேணாம். அந்தக் கொளத்த மட்டும் கீழ எறக்கிருங்க. நீங்க அங்க இருக்கீங்கள்ல, அதுக்காவது இருங்க."

இரக்கமான குரல் இல்லை அது. ஒரு வேலையை ஒப்படைக்கிற குரல். செய்கிறேன் என்று தலையாட்டினேன். பந்தலூர் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டீர்கள்.

அப்படித் தலையாட்டி எட்டு வருடம் ஆயிற்று, அக்கா. எட்டு வருடமும் நான் அங்கேதான் இருந்தேன். பதவி உயர்வு இரண்டு வந்தது. மழை பிடிக்கும் ஒவ்வொரு முறையும் ஆளை அனுப்பிக் குளத்தின் கரையைப் பார்த்துவரச் சொல்வேன். அதையே பெரிய காரியமாக நினைத்துக்கொள்வேன். இறக்கச் சொல்லிக் கோப்பு எழுதினால், ஏன் என்று கேட்பார்கள். அந்த ஏனுக்குப் பதில் பீரோவில் இருந்தது.

உங்களுக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் என்று கேள்விப்பட்டபோதும் வரவில்லை. நீங்கள் இறந்த செய்தி வந்த காலையில் கிளம்பினேன். கூடலூர் வரைக்கும் வந்தேன். அங்கே ஒரு கடையில் டீ குடித்தேன். அந்த டீயை எவ்வளவு நேரம் குடித்தேன் என்று எனக்குத் தெரியாது. பிறகு எதிர்ப்பக்கம் போய் ஊட்டி பஸ் ஏறிவிட்டேன். அலுவலகத்தில் கேட்டவர்களிடம், போய் வந்தேன், கூட்டம் அதிகம் என்று சொன்னேன். இதைச் சொல்லும்போது அழுதேன். அந்த அழுகையை வைத்தே எல்லோரும் நம்பினார்கள்.

நீங்கள் போன ஆறாவது மாதம் புதுத் திட்டம் வந்தது. ஊர் அப்போதைவிட இரண்டு மடங்காகிவிட்டது. இருக்கிற குளம் போதாது. வெளியிலிருந்து வந்த ஆலோசகர்கள் படம் போட்டுக் கொடுத்தார்கள்: மேலே, அதே பொட்டலில், பழைய குளத்தை ஒட்டி அதைவிடப் பெரிய இன்னொன்று. இணைப்பில் நம் பழைய வரைபடத்தையே ஆதாரமாக வைத்திருந்தார்கள். 'சரிவில் குடிநீர் ஆதாரம் எதுவும் இல்லை' என்ற வரியை அதிலிருந்து அப்படியே எடுத்திருந்தார்கள். நான் சொன்ன பொய் என்னைக் கேட்காமலே வேலை செய்துகொண்டிருந்தது. அன்றுதான் எனக்கு முதல்முறையாக நிஜமான பயம் வந்தது. அந்தப் பயத்தில்தான் செய்தேன், தைரியத்தில் இல்லை.

நோட்டை எடுத்தேன். ஆணையருக்கு நடந்ததையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். கருத்துக்கேட்புக் கூட்டத்தை லயத்துக் கோயில் முற்றத்தில் வைக்கச் சொன்னேன். உங்கள் வீட்டுக்காரருக்கு நானே போன் செய்தேன். எதற்கு என்று கேட்காமல், இரண்டு பஸ் மாறி வந்தார். பின்னால் தூணோரம் நின்றார். உங்கள் மாமியார் சால்வையைத் தலைவரைக்கும் போர்த்திக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

எழுதிக்கொண்டு போனதை வாசிக்க முடியவில்லை. வாயால்தான் சொன்னேன்.

"பீலிய அவங்க மறைக்கலீங்க. அவங்க அளந்து எழுதி வச்ச நோட்டு இது. படத்துல இருந்து அழிச்சது நானுங்க. கேட்டப்ப நோட்டு இல்லேன்னு சொன்னதும் நான்தானுங்க. அது இத்தன வருசமா என் ஊட்டுலதான் இருந்துது."

யாரும் கத்தவில்லை. கத்துவார்கள் என்றுதான் தயாராகப் போயிருந்தேன். ஒரு பெண் மட்டும் நோட்டை வாங்கி, பக்கம் பக்கமாகப் புரட்டி, உங்கள் கையெழுத்தைப் பக்கத்திலிருந்தவர்களுக்குக் காட்டினாள். உங்கள் மாமியார் சால்வையை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

கூட்டம் கலைந்ததும் உங்கள் வீட்டுக்காரரிடம் போனேன். காலில் விழலாம் என்றுகூட நினைத்தேன். அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"அவ கடைசி வரைக்கும் இந்த லயத்துக்கு ஒருக்கா வரணும்னு சொல்லிக்கிட்டே இருந்தா. கூட்டிட்டு வர எனக்குத்தான் மனசு வரல, யாராச்சும் எதாச்சும் பேசிருவாங்கன்னு. அவ இருக்கையில நீங்க வந்து சொல்லியிருந்தா, நான் கூட்டிட்டு வந்திருப்பேன்."

அவ்வளவுதான் சொன்னார். நான்கு மணி பஸ்ஸுக்கு இறங்கிப் போனார். 

நடந்ததையெல்லாம் சொல்லிவிடுகிறேன். மேலே புதுக் குளம் வேண்டாம் என்று லயத்துக்காரர்கள் எழுதிக் கொடுத்தார்கள். உங்கள் அளவுகளைக் காரணமாகக் காட்டி இடத்தை மாற்றிவிட்டோம். கீழே பிளான்ட்டை ஒட்டி, மூடிய கான்கிரீட் தொட்டி. மேலே ஏற்ற பம்ப். இன்று வந்து இறங்கிய ஊதாக் குழாய்கள் அதற்குத்தான். நீங்கள் சொன்ன அதே இடம்தான். பழைய குளத்தை வடித்து விரிப்பைச் சுருட்டி எடுத்தாகிவிட்டது. என்மேல் விசாரணை நடக்கிறது. பதவி இறங்கலாம், வேலையே போகலாம். எது வந்தாலும் அதை எனக்கான தண்டனை என்று நான் நினைத்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் அனுபவித்ததில் அது ஒரு மாதத்துக்குக்கூட ஈடாகாது.

பீலி நின்றுவிடவில்லை. கோடையில் குழாயில் காற்று வரும்போது சனங்கள் இன்னும் அங்கேதான் போகிறார்கள். குளம் வடிந்த பிறகு தண்ணீர் சுத்தமாகிறதா என்று வாரம் ஒருமுறை சோதிக்க வேண்டும். ஆளை அனுப்பலாம், நானே போகிறேன். திங்கட்கிழமை காலைகளில் பாட்டிலை எடுத்துக்கொண்டு அந்தச் சரிவில் இறங்குவேன். நான் வந்தால் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். குடங்கள் வரிசையில் இருக்கும். யாரும் வழி விடமாட்டார்கள். கடைசிக் குடமும் நிரம்பும்வரை ஓரமாக நின்று, பிறகு பிடித்துக்கொண்டு வருவேன்.

போன திங்கட்கிழமை நல்ல மழை. வரிசை நீளமாக இருந்தது. உங்கள் நாத்தனார் முன்னால் நின்றாள். பக்கத்தில் அவள் மகன் குடை பிடித்துக்கொண்டிருந்தான். அவள் என்னைப் பார்க்கவில்லை.  பாதி நிறைந்த குடத்தைப் பீலிக்கு அடியிலிருந்து ஒரு சாண் அப்பால் தள்ளி வைத்தாள். நான் பாட்டிலை நீட்டிப் பிடித்துக்கொண்டேன். நிரம்பியதும் அவள் குடத்தைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டாள்.

அது மன்னிப்பு இல்லை, அக்கா. எனக்குத் தெரியும். தண்ணீரைச் சோதிக்க வேண்டும், அதற்கு நான் கொஞ்ச நேரம் அங்கே நிற்க வேண்டும். அதற்கான இடம் மட்டும் அது. அந்த அளவு இடத்தில்தான் இப்போது இருக்கிறேன். விசாரணை முடிந்து அனுப்பும்வரை திங்கட்கிழமைதோறும் போவேன். அனுப்பிய பிறகும், பாட்டில் இல்லாமல், போவேன் என்று நினைக்கிறேன். போய் அங்கே என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.